போதுராசாவின் கண்ணும் சென்றாயனின் வண்டியும்

மந்தியூத்து ஜீப் ஸ்டாண்டில் ஒரு வண்டி வளர்ந்தது என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் எல்லாரும் அது எவ்வளவு உயரம் வளர்ந்தது என்றுதான் கேட்பார்கள், யாருடைய வயிற்றெரிச்சலில் வளர்ந்தது என்று கேட்கமாட்டார்கள். ஊர்க்காரர்களுக்கோ உயரம் ஒரு பொருட்டே இல்லை, வயிற்றெரிச்சல்தான் முழுக்கதையும், அதற்குச் சொந்தக்காரன் போதுராசா. போதுராசா நல்லவன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய்ப்பு வருமா என்று தெரியவில்லை.

மலையடிவாரத்தில் மந்தியூத்து, மலைக்கு மேலே சோலையம்மன் கோயில், நடுவில் வறட்டாறு, ஆற்றைத் தாண்டினால் ஜீப்பைத் தவிர வேறெதுவும் ஏறாத கல்பாதை. ஊரில் பாதிப்பேர் ஏலத்தோட்டத்துக்கு ஆளும் மூட்டையும் ஏற்றியும், மேகம் பார்க்க வருகிற டூரிஸ்டுகளைக் குலுக்கிக்கொண்டு போயும் பிழைக்கிற டிரைவர்கள். வருஷமெல்லாம் அடிவாரத்திலிருக்கும் அம்மன், ஆடிக் கடைசி வெள்ளியில் ஒரு வண்டியில் ஏறி மலைக்குப் போவாள், அந்த ஒரு வண்டி எது என்பதில்தான் ஊரின் மானமெல்லாம் இருந்தது. அதைத் தீர்மானிக்க ஒரு வழக்கம் உண்டு, அதற்குச் சாண் பார்ப்பது என்று பெயர். போட்டிக்கு வரும் வண்டிகளில் அம்மன் பெட்டியையும், உறுமிக்காரர்களையும், பொங்கல் அரிசி மூட்டைகளையும், பானகக் குடங்களையும் ஏற்றி நிறுத்துவார்கள். பூசாரி பின்சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே கையை விரித்து வைத்துப் பார்ப்பார். அவ்வளவு பாரத்திலும் எந்த வண்டி பின்பக்கம் தாழாமல் நிற்கிறதோ அதில்தான் அம்மன் ஏறுவாள். அந்த டிரைவருக்கு மலைமேல் முதல் மாலை. அந்த டிரைவரின் வம்சத்துப் பெண்பிள்ளை ஒன்று பெட்டிக்குப் பக்கத்தில் விளக்கோடு உட்கார்ந்து போகும்.

பல வருஷமாக அந்த வண்டி போதுராசாவின் ஜீப்தான், அந்தப் பிள்ளை அவன் மகள் தர்ஷினிதான். ஜீப்பின் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளோடு வருஷத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துச் சேர்த்து அதை அசையாத பாறையாக ஆக்கி வைத்திருந்தான். அதில் ஏறுகிற டூரிஸ்டுகளின் இடுப்பு என்னவானது என்பது அவன் கவலை இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவனுடைய சித்தப்பா மகன் சென்றாயன் பழைய ஜீப்பைத் தள்ளிவிட்டு, பின்பக்கம் சுருள் ஸ்பிரிங் வைத்த பெரிய காட்டு வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். சென்றாயனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, வண்டியையே கட்டிக்கொண்டான் என்று ஊரே கேலி பேசும், அவனும் சிரித்துவிட்டுத் துடைத்துக்கொண்டிருப்பான். முதல் வருஷம் சாண் பார்த்தபோது அந்த வண்டி அரிசி மூட்டைக்கே பின்பக்கம் குந்திவிட்டது. பூசாரியின் விரல்கூட நுழையவில்லை. போதுராசா அன்றைக்குத் தம்பியின் தோளில் கைபோட்டு ஆறுதல் சொன்னான். அவ்வளவு இனிமையாக அவன் யாருக்கும் ஆறுதல் சொன்னதில்லை.

அடுத்த ஆடிக்குள் ஸ்பிரிங்கை மாற்றிவிடுவது என்று சென்றாயன் தேனிக்குக் கிளம்பினான், பெரியவன் ஒருத்தன் கூட இருக்கட்டும் என்று அண்ணனையும் கூட்டிக்கொண்டான். கடைக்காரர் மூன்று ஜோடி எடுத்து வைத்தார். மூன்றும் வண்டியைத் தூக்கும். ஆனால் ஒன்று காலியாகவே ஓட்டுகிறவர்களுக்கு, ஒன்று அவ்வப்போது ஆளும் சாமானும் ஏற்றுகிறவர்களுக்கு, கம்பி தடித்த மூன்றாவது ஜோடி எந்நேரமும் பாரத்தோடே திரிகிற வண்டிக்கு. பாரத்தைக் கேட்காமல் ஸ்பிரிங்கைக் கொடுப்பது மூஞ்சியைப் பார்க்காமல் கண்ணாடி கொடுக்கிற மாதிரி என்று சொல்லிவிட்டு, வண்டியில் வழக்கமாக என்ன ஏறும் என்று அவர் கேட்டார்.

சென்றாயன் யோசிக்கவே இல்லை. "அம்மன் ஏறும்ணே" என்று தடித்த ஜோடியை எடுத்தான்.

வருஷத்தில் ஒருநாள் ஏறுகிற பாரத்துக்கு வருஷம் பூராவும் ஓடுகிற ஸ்பிரிங்கை எடுக்கிற தப்பை மந்தியூத்துக்காரனைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டான். நடு ஜோடிதான் சரி என்று போதுராசாவுக்கு நன்றாகத் தெரியும். தடித்ததைப் போட்டால் காலி வண்டி கல்லுக்குக் கல் துள்ளும், பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், டூரிஸ்டுகள் வாந்தியெடுப்பார்கள், தம்பி ஆறே மாசத்தில் வண்டியை விற்பான் என்பதெல்லாம் கண்முன்னே தெரிந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. கடைக்காரரிடம் குறைத்துக் கேட்பதற்கு மட்டும் திறந்தான்.

ஊரில் இன்னொரு வழக்கம், வண்டிக்குப் புதுச் சாமான் ஏறினால் பங்காளி ஒருவன் கைதான் அதை முதலில் தொட்டு வைக்க வேண்டும். பங்காளியே வைத்த சாமானில் பங்காளிக் கண் படாது என்பது கணக்கு. அதனால் மெக்கானிக் லூர்து பட்டறையில் போதுராசாவும் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான். லூர்து பின்பக்கத்துச் சேஸை ஜாக்கியில் தூக்கி முட்டுக்கொடுத்து, சக்கரங்களைக் கழற்றி, ஆக்சிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி வைத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டுகளை எடுத்து, பிரேக் ஹோஸ் இழுபடாமல் கிளிப்பை விடுவித்து, ஆக்சிலை மெள்ள மெள்ள இறக்க, பழைய ஸ்பிரிங் தானாகத் தளர்ந்து கையோடு வந்தது. புதுசுக்கு மேலே ரப்பரை மாட்டி போதுராசா கையில் கொடுத்தான். கம்பியின் வால் முனை அது உட்காருகிற தட்டில் உள்ள பள்ளத்தில் போய்ச் சரியாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் திருகிக்கொள்ளும் என்று எச்சரித்தான். போதுராசா இரண்டு கையாலும் ஸ்பிரிங்கைத் தாங்கினான். இதுதானே என் மகளை வண்டியிலிருந்து இறக்கிவிடப் போகிறது, இதுதானே அவன் கழுத்தில் மாலையைப் போடப்போகிறது என்று நினைத்தபோது அடிவயிற்றிலிருந்து ஒரு காந்தல் கிளம்பி நெஞ்சுக்கு வந்து கைக்கு இறங்கியது. அட்டைப்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஸ்பிரிங் ஏன் இப்படிச் சுடுகிறது, வெயிலில் கிடந்ததா என்று லூர்து கேட்டான். போதுராசா வாலைப் பள்ளத்தில் உட்காரவைத்தான்.

சக்கரத்தை மாட்டி, வண்டி தன் எடையில் தரையில் உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்க வேண்டும், அதுதான் முறை. ஜாக்கியை எடுத்துவிட்டு உட்காரட்டும் என்று காத்திருந்தார்கள். அது உட்காரவில்லை, எழுந்தது. லூர்து தலையைச் சொறிந்துவிட்டு, புது ஸ்பிரிங் கொஞ்சம் முறுக்காகத்தான் இருக்கும் என்று சொல்லி இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

மறுநாள் அது ஒரு விரல்கட்டை உயர்ந்திருந்தது, அதற்கு மறுநாள் இன்னொன்று. பின்பக்கம் மட்டும் எழுந்து, தண்ணீர் குடிக்கக் குனிந்த ஆடு மாதிரி நின்ற வண்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள், கொஞ்ச நாளில் முன்பக்கமும் பின்பக்கத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டு எழுந்துகொண்டதைக் கண்டு சிரிப்பை நிறுத்தி, ஏறுவதற்கு என்ன வழி என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். டீக்கடைக் காத்தமுத்து முதலில் ஸ்டூல் கொடுத்தான், பிறகு டிரம்மைக் கொடுத்தான், பிறகு ஏணி செய்து கொடுத்துவிட்டு, ஏணியின் பக்கவாட்டில் தன் கடைப் பெயரையும் எழுதிக்கொண்டான். வண்டிக்கு அடியில் விழுந்த நிழலில் ஆடுகள் படுத்தன, ஆடுகளை விரட்டிவிட்டுச் சீட்டாடுகிறவர்கள் உட்கார்ந்தார்கள், சீட்டாடுகிறவர்களை விரட்டிவிட்டுப் பெண்கள் மழைக்கு நனையாமல் மோர்மிளகாய் காயவைத்தார்கள். கரண்ட் ஆபீஸிலிருந்து ஆள் வந்து அண்ணாந்து பார்த்து, கம்பியை ஏற்றிக் கட்டிவிட்டுப் போனார். டூரிஸ்டுகளோ அதில்தான் ஏறுவோம் என்று வரிசையில் நின்றார்கள், ஏனென்றால் அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேகம் இங்கேயே தெரிந்தது. கல்லுக்குக் கல் துள்ள வேண்டிய வண்டி, ஆற்றங்கரை நாரை நடப்பதுபோல் நிதானமாகக் கற்களின்மேல் அடியெடுத்து வைத்துப் போனது.

சென்றாயன் பூசணிக்காய் கட்டினான், கறுப்புக் கயிறு கட்டினான், எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கினான். ஒன்றுக்கும் அது மசியவில்லை. கண்பட்டால் கீழே விழுவதுதானே உலக வழக்கம், இந்த வண்டி கண்பட்டால் மேலே போகிறது என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவன் காத்தமுத்துதான். நேற்றுச் சாயங்காலத்து விரல்கட்டை தன்னுடையது, டூரிஸ்டுகள் கூட்டத்தைப் பார்த்ததும் தனக்குப் பொறுக்கவில்லை என்று அவன் வெட்கமில்லாமல் ஒப்புக்கொண்டான். உடனே ஆளாளுக்கு உரிமை கொண்டாட வந்துவிட்டார்கள். பூசாரிகூட, தான் பிறந்ததிலிருந்து நடந்தே திரிகிறவன் என்பதால் அடித்தளத்தில் தன் பங்கும் இருக்கும் என்றார். ஆனால் போதுராசா தன் பெண்சாதியின் ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன நாட்களில் வண்டி சத்தமில்லாமல் இறங்கி மற்ற வண்டிகளோடு வண்டியாக நின்றது. அவன் திரும்பி வந்த பஸ் வளைவில் ஹாரன் அடித்தபோது அது சோம்பல் முறிப்பதுபோல் எழுந்து நின்றது. ஊர் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டது, உரிமை கொண்டாடுவதை நிறுத்திக்கொண்டது.

யாரும் அவன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, மந்தியூத்து அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்த ஊர். ஆயில் மாற்ற வண்டியைப் பட்டறைக்குள் விட வேண்டும் என்றால் நாலு பேர் போதுராசாவிடம் சூடாக பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, அந்தக் காலத்தில் பாலம் உடைந்தபோது அவன் ஜீப் கர்ப்பிணியை ஏற்றி வந்த கதையைக் கேட்பார்கள்; சொல்லச் சொல்ல அவன் முகம் மலரும், வண்டி தாழும், லூர்து உள்ளே தள்ளிவிடுவான். டூரிஸ்ட் சீசனில் மேகம் பார்க்க உயரம் பத்தாவிட்டால், அவன் காதில் விழும்படி அடுத்த ஆடிக்குச் சென்றாயன்தான் என்று யாராவது சொல்லிவிட்டுப் போவார்கள். போதுராசாவுக்கும் தெரியாமல் இல்லை. தம்பியை இறக்க வேண்டும் என்றால் தம்பிமேல் பாசம் வைக்க வேண்டும், வேறு வழியே இல்லை. தம்பி வாழட்டும் என்று ஒருநாள் முழுக்க மந்திரம்போல் சொல்லிப் பார்த்தான். சாயங்காலம் தம்பி புதுச் சட்டையில் வந்து இறங்கினான், அதுவரை சொன்னதெல்லாம் போச்சு. வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றை ஊர் நடுவில் நாலு சக்கரத்தில் நிறுத்திவைத்ததுபோல் இருந்தது அவனுக்கு.

சாண் பார்க்கும் நாள் வந்தது. போதுராசாவின் ஜீப்பில் எல்லாப் பாரத்தையும் ஏற்றிய பிறகும் பூசாரியின் விரித்த கை தாராளமாக நின்றது, அத்தனை வருஷத்திலும் அவ்வளவு இடைவெளி இருந்ததில்லை. யாரும் கவனிக்கவில்லை. சென்றாயன் வண்டிக்குப் பூசாரி ஏணிபோட்டு ஏறி, கையை விரித்துப் பார்த்து, இது கையால் அளக்கிற சமாச்சாரம் இல்லை என்று இறங்கிவிட்டார். அம்மன் ஏறுவது சென்றாயன் வண்டியில்தான், அவனுக்குப் பிள்ளை இல்லாததால் வம்சத்துப் பெண்பிள்ளை என்று தர்ஷினிதான் விளக்கோடு ஏற வேண்டும் என்றும் அறிவித்தார். சித்தப்பா வண்டியில் அவ்வளவு உயரத்தில் உட்காரப்போகிற சந்தோஷத்தில் அவள் அப்பாவின் ஜீப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் குதித்தாள். அவள் குதித்ததில் வண்டி இன்னும் ஒரு முழம் மேலே போனது.

கடைசி வெள்ளியன்று மேல்மலையில் மழை. மத்தியானத்தில் வறட்டாறு செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. பீடத்தை விட்டு எழுந்த அம்மனை இந்தக் கரையில் இறக்கக்கூடாது, மலைமேல்தான் இறக்க வேண்டும். தண்ணீரைப் பார்த்துப் பூசாரி தயங்கியபோது, இந்த உயரத்துக்கு ஆறு என்ன செய்யும் என்று சென்றாயன் சொன்னான், எல்லாருக்கும் அது சரியென்றே பட்டது. வண்டி ஆற்றில் இறங்கியது. தண்ணீர் சக்கரத்தோடு நின்றுவிட, மேலே உறுமிச் சத்தமும் விளக்கும் தர்ஷினியின் சிவப்புப் பாவாடையும் ஆற்றின்மேல் தனியாக மிதந்து போயின. கரையில் கூட்டத்தோடு நின்ற போதுராசாவுக்கு உள்ளே கொதித்தது. கொதிக்கக் கொதிக்க வண்டி ஜோராக நடந்தது.

நடு ஆற்றில் வேரோடு வந்த ஒரு மரம் வண்டியின் விலாவில் இடித்தது. "அப்பா" என்று தர்ஷினி கத்தினாள்.

அந்த ஒரு சொல்லில் போதுராசாவிடமிருந்த பொறாமை அத்தனையும் ஆவியாகிவிட்டது. தம்பி, எப்படியாவது பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்பதைத் தவிர அவன் நெஞ்சில் வேறொன்றும் இல்லை. வண்டி இறங்கியது. தண்ணீர் படியைத் தொட்டது, கதவைத் தொட்டது, உறுமிச் சத்தம் நின்றது. கரையிலிருந்த ஊர் முழுக்க ஆற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவனைப் பார்த்தது.

காத்தமுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "போதுராசா, கொஞ்சம் பொறாமப்படுப்பா."

"எப்படிய்யா? எம்பிள்ள இருக்குய்யா அதுல."

அப்போதுதான் தவமணி வந்தாள். அவன் பெண்சாதி, அவன் எதற்குப் புழுங்குவான் எதற்குப் புழுங்கமாட்டான் என்பதை உலகத்திலேயே அதிகம் தெரிந்தவள். அழவில்லை, கத்தவில்லை. ஆற்றைப் பார்த்தபடியே அவன் காதோரம் நின்று, சாதம் பரிமாறுகிற குரலில் பேசினாள். "மால அவன் கழுத்துலதான் விழப்போகுது. இனிமே சாணே பாக்கப்போறதில்லையாம் பூசாரி, வருஷா வருஷம் அவனுக்கேதானாம்."

தண்ணீர் கதவை விட்டுக் கொஞ்சம் இறங்கியது.

"உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது அவன். சாகையில 'சென்றாயன் எங்க'ன்னுதான் கேட்டுச்சு, உங்கள இல்ல. நான் பக்கத்துல இருந்தேன்."

போதுராசாவின் முகத்தில் ஈயாடவில்லை. வண்டி ஒரு ஆள் உயரம் எழுந்து நாலடி நடந்தது. மறுபடியும் தர்ஷினி கத்தினாள், மறுபடியும் அவன் நெஞ்சு கரைந்தது, வண்டி தடுமாறித் தாழ்ந்தது. ஊர்க்காரர்கள் தங்களால் ஆனதைச் சொல்லிக் கொடுத்தார்கள், சென்றாயனின் புதுச் சட்டை, டூரிஸ்டுகளின் வரிசை, அவன் தலைமுடி, எதுவும் எடுபடவில்லை. அக்கரை இன்னும் ஒரு வண்டி நீளம் இருந்தது. தண்ணீர் விளக்கைத் தொட்டது.

தவமணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். கூட்டத்துக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"என்னய மொதல்ல பொண்ணு கேட்டு வந்தது அவருதான். நான் சரின்னுதான் சொன்னேன். எங்கப்பாதான் மாட்டேன்னுட்டு உங்களுக்குக் குடுத்தாரு. அவரு ஏன் இன்னும் கல்யாணமே பண்ணிக்கலன்னு ஒருநாளாவது யோசிச்சீகளா?"

அவ்வளவு நேரம் அவன் இவன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவரு என்று சொன்னதைப் போதுராசா கேட்டான். அவனுக்குக் கண் இருட்டியது. அவன் உடம்பில் எரியாமல் மிச்சமிருந்த இடமெல்லாம் எரிந்தது. ஆற்றின் நடுவில் வண்டி, ஊர் இதுவரை பார்க்காத உயரத்துக்கு, அக்கரைப் புளியமரத்துக்கும் மேலே, சக்கரத்திலிருந்து தண்ணீர் வழிய வழிய எழுந்து, ஒரே எட்டில் கரையேறி நின்றது.

இந்தக் கரையில் குலவைச் சத்தம் கேட்டது. காத்தமுத்து தரையில் உட்கார்ந்து அழுதான். பூசாரி அம்மனைக் கும்பிட வேண்டிய திசையில் போதுராசாவைக் கும்பிட்டார். அக்கரையில் வண்டி நின்றது நின்றபடி இருந்தது. உறுமிக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள், அந்த உயரத்திலிருந்து இறங்க எந்த ஏணியும் போதாது. சென்றாயன் ஜன்னலில் கை ஊன்றி, என்ன நடந்தது என்று ஒன்றும் விளங்காமல் இந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, எறக்கி விடுப்பா" என்று தர்ஷினியின் குரல் மேகத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

போதுராசா திரும்பிப் பெண்சாதியைப் பார்த்தான். "நெசமா?" என்றான்.

"பிள்ள கரையேறிருச்சுல்ல" என்றாள் தவமணி.

"நெசமான்னு கேட்டேன்."

குலவை நின்றது. தவமணி அவனைப் பார்க்கவில்லை, அக்கரையைப் பார்த்தாள், அங்கே அவ்வளவு உயரத்தில் நிற்கிற தன் மகளைப் பார்த்தாள்.

"பொய்" என்றாள்.

வண்டி இறங்க ஆரம்பித்தது. மேகத்தை விட்டு, புளியமரத்தின் உச்சியை விட்டு, கிளைகளை விட்டு மெள்ள மெள்ள இறங்கி வந்து, பாதியில் நின்றது.

தவமணி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு இன்னொரு தடவை, இந்தமுறை அவன் முகத்தைப் பார்த்து, பொய் என்று சொன்னாள். வண்டி அசையவில்லை.